நாக்கு

பிப்ரவரி. ஏரியின் மேல்
நாற்பது சென்டிமீட்டர் பனிக்கட்டி.
இடைவாரைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டேன்,
கால்சட்டையைப் பிடித்திருப்பது சணல் கயிறு.
சாவி, கைக்கடிகாரம், ஜிப் வைத்த நல்ல சட்டை
எல்லாம் கரையில்.
இரும்பைத் தேடுகிறவன்
இரும்போடு போகக் கூடாது.

கம்பின் நுனியில் கட்டைவிரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குப்பி.
உள்ளே சீசியம் ஆவி.
எஸ்தோனியாவே மைனஸ் பதினொன்றில் விறைத்துக் கிடக்க
அதற்கு மட்டும் வெதுவெதுப்பு,
கண்ணுக்கு எட்டாத சிவப்பில் ஒரு விளக்கு.
ஒவ்வொரு அணுவும் சாய்ந்து சுற்றும் பம்பரம்.
நொடிக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் தலையாட்டல்,
பூமி சொல்வதற்கெல்லாம் ஆமாம், ஆமாம்.
இடையில் வேறு யாராவது பேசினால்
தாளம் தப்பும்.
அந்தத் தப்புக்குத்தான் எனக்குக் கூலி.

தேவாலயக் கணக்கெழுதும் ஹெல்வே
முப்பது மீட்டர் தள்ளி வருகிறாள்.
கோட்டுப் பொத்தான் பித்தளையா எஃகா என்று
அவளுக்கே தெரியவில்லை.
அங்கிருந்தே கத்துகிறாள்:
"கிடைக்காவிட்டாலும் இதே பில்தானா?"
"இதே பில்தான்."

போரில், உருக்குவதற்கு மணியைக் கேட்டார்கள்.
கேட்டது எந்தப் படை என்பதில் ஊரில் இரண்டு கட்சி.
மூன்று பேர் இரவோடு இரவாகச் சறுக்குவண்டியில் ஏற்றி
இந்த ஏரியில் இறக்கினார்கள் என்பதில் ஒரே கட்சி.
அடுத்த பனிக்காலத்தில் மூவருமே இல்லை.
தண்ணீருக்கடியில் அது ஒலிப்பதாக
யாரும் கதை கட்டவில்லை.
இங்கே மனிதர்கள் அப்படி.

போன வாரமே அவளிடம் சொல்லிவிட்டேன்:
மணி வெண்கலம்.
என் அணுக்களுக்கு வெண்கலமும் தண்ணீரும் ஒன்று.
அறுநூறு கிலோ நேர்கீழே கிடந்தாலும்
ஒரு தலைகூட ஆட்டம் மாறாது.
தெரிந்தால் நாக்கு மட்டும் தெரியும்,
நாக்கு இரும்பு.
கணக்குப் புத்தகத்தை மூடினாள்.
"அப்படியானால் நாக்கைத் தேடுங்கள்."

முதல் நாள் ஒரு பால் கேன், ஓர் ஏர்க்கொழு.
மூன்றாம் நாள் ஒரு பீரங்கிக் குண்டு.
ராணுவத்தார் வந்து போகும்வரை இரண்டு நாள் வீண்
(அதற்கும் பில் உண்டா என்றாள்).
பனியில் துளையிட்டு மீன் பிடிக்கும் ஊலோ
துளைக்கருவியைத் தூக்கிக்கொண்டு
திட்டியபடியே விலகிப் போனார்.
விலகியது திரையில் விழுந்தது,
திட்டியது விழவில்லை.

நாற்பத்தேழாம் வரிசையில்
கோடு மூச்சிழுத்தது.
ஒன்பது நானோடெஸ்லா மேலே,
பிறகு ஒரு சின்னப் பள்ளம்.
திரும்பி நடந்தேன். மறுபடி அதே மூச்சு.

பனியை அறுத்தோம். கயிற்றில் காந்தத்தைக் கட்டி
நாலு மீட்டர் இறக்கினோம்.
'டக்' என்றது கயிற்றில்தான் கேட்டது, காதில் இல்லை.
வந்தது:
கை நீளம், நுனியில் ஒரு முஷ்டி,
சேறு வழிய, கறுத்து.
மேலே ஒரு முழம் தோல்வார்.
சேறு தோலை அழுக விடவில்லை.

ஹெல்வே கையுறையைக் கழற்றி
வாரின் நுனியைத் தடவினாள்.
பிய்ந்ததில்லை, அறுத்தது.
ஒரே வெட்டு. நேராக.

வண்டி குலுங்கினால் மணி பேசிவிடும்.
அதனால் முதல் வேலையாக
நாக்கை அறுத்திருக்கிறார்கள்.
அறுத்ததை இங்கே போட்டார்கள்.
மணியோடுதான் போட்டார்களா,
வழியில் போட்டுவிட்டு மேலே போனார்களா?

நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள்
அவள் சால்வையில் சுற்றிக் குழந்தையைப்போல் தூக்கி
கரையை நோக்கி நடந்தாள்.
அவள் தூரம் போகப் போக
துள்ளிக்கொண்டிருந்த என் கோடு அடங்கியது.

"இன்னும் எத்தனை வரிசை?"
"அறுபத்திரண்டு. ஆனால் இனிமேல்..."
"பில்லில் இருக்கிறதல்லவா? நடங்கள்."

நடக்கிறேன்.
நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது.
திரையில் பிசிறில்லாத நேர்கோடு.
கீழே தண்ணீர்,
அல்லது அது.